பறவையா? பாத்திரமா?

கடல் கடந்து வந்த பறவையொன்றைப் பாத்திரம் என்றனர் சுங்க அதிகாரிகள்! நகைக்கத் தோன்றுகிறது, நகைத்துவிட்டு நகர்ந்துவிட முடியவில்லை.

1926ஆம் ஆண்டு. பாரிசிலிருந்து நியூயார்க் துறைமுகம் வந்து சேர்ந்தது ஒரு வெண்கலச் சிற்பம். வடித்தவர், ருமேனியாவில் பிறந்து பாரிசில் வாழ்ந்த பிரான்குசி. பெயர், 'விண்வெளியில் பறவை'. அலகில்லை, சிறகில்லை, மேல்நோக்கி எழும் ஒரே வளைவு, கண்ணாடிபோல் மின்னும் மெருகு, அவ்வளவே. கலைப்பொருளுக்குத் தீர்வை இல்லை என்பது அந்நாட்டுச் சட்டம். அதிகாரிகளோ அதனைச் சமையற்கலன்களும் மருத்துவமனைச் சாமான்களும் அடங்கிய பட்டியலில் தள்ளி, நூற்றுக்கு 40 வீதம் தீர்வை விதித்தனர். வழக்கு எழுந்தது. 1928 நவம்பரில் சிற்பி வென்றார். பறவையின் சாயலைக் காண்பது கடினமே. எனினும் கண்ணுக்கு இனியது, தொழில்முறைச் சிற்பியின் சொந்தப் படைப்பு, ஆகவே கலை என்றது தீர்ப்பு.

வரவேற்கிறோம். ஆயினும் அவ்வழக்கின் விசாரணையில் நிகழ்ந்த ஒரு வினாவிடை நம் நெஞ்சை உறுத்துகிறது. தேர்ந்த தொழிலாளி ஒருவன், அரமும் மெருகுக் கருவியும் கொண்டு இதனைச் செய்துவிட முடியாதா என்று கேட்டார் அரசுத் தரப்பு வழக்கறிஞர். மெருகிடுவான், ஆனால் இதனை எண்ணி உருவாக்க அவனால் ஆகாது என்னும் பொருள்பட விடையளித்தார் சாட்சியாக வந்த சிற்பி எப்ஸ்டைன்.

கவனியுங்கள், தோழர்களே! எண்ணுபவர் ஒருவர், தேய்ப்பவர் மற்றொருவர்! இந்தப் பாகுபாடு நம் செவிக்குப் புதிதா? முகத்தில் பிறந்தவன் ஓதுக, காலில் பிறந்தவன் உழைக்க என்று வகுத்துவைத்த நாட்டிலன்றோ வாழ்கிறோம்! எப்ஸ்டைன் வருணம் பேச வரவில்லை. சக சிற்பியின் படைப்பைக் காக்க வந்தார். அந்த நல்ல மனிதருக்கும், தொழிலாளியின் தலைக்குள் ஒரு கற்பனை இருக்கக்கூடும் என்று தோன்றவில்லையே, அதுதான் வேதனை.

ஒரு குடத்தைப் பாருங்கள். இடுப்பில் பொருந்தும் வயிறு, நீர் தளும்பாதிருக்கக் குறுகிய கழுத்து, விரல்கள் பற்ற மடித்துவிட்ட விளிம்பு. எண்ணாமலா வந்தன இவை? மண்ணை அறிந்து, நெருப்பை அறிந்து, சுமப்பவளின் களைப்பையும் அறிந்து, தலைமுறை தலைமுறையாகத் திருத்தித் திருத்தி வனைந்த சிந்தனை அது. சிந்தித்தவன் குயவன், எனவே அதற்குப் பெயர் கைப்பழக்கம்!

"அப்படியானால் எல்லாம் கலைதானா? துடைப்பமும் கலையா?" என்று கேலி பேசுவோர் உண்டு. இல்லை ஐயா! அக்கறையின்றி வனைந்த பானை வெறும் பானைதான்; அக்கறையின்றி வடித்த சிலையும் வெறும் உலோகந்தான். பொருளைக் கண்டு மதிப்பிடுங்கள், பிறப்பைக் கேட்டு மதிப்பிடாதீர் என்பதே நாம் வேண்டுவது.

பயன்படும் பொருள் கலையாகாது என்ற பழைய வாதமும் இன்று பொய்த்துவிட்டது. 2015இல் இலண்டன் ஏலத்தில், மார்க் நியூசன் வடிவமைத்த அலுமினியச் சாய்விருக்கை ஒன்று 24 இலட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயிற்று. உட்காரச் செய்த பொருள், உட்கார அஞ்சும் விலை! பயன் தடையாக நிற்கவில்லை. பெயர் இருந்தது, கதவு திறந்தது.

பெயரில்லாதவன் கதி? ஜப்பானின் கியோத்தோ நகரில், தைதொகுஜி மடத்தின் கோயிலொன்றில் ஒரு தேநீர்க் கிண்ணம் இருக்கிறது. நாட்டின் அரும்பெருஞ்செல்வம் என்று அரசே அறிவித்த கிண்ணம். பல நூற்றாண்டுகளுக்கு முன் கொரிய நாட்டுக் குயவன் வனைந்தது. அதற்குக் 'கிசாயெமோன்' என்று பெயர். குயவனின் பெயரோ? அன்று, அதனை வைத்திருந்த ஒசாகா வணிகனின் பெயர்! 1931இல் அதனைக் கண்ட அறிஞர் யனாகி சோயெட்சு, ஏழை ஏழைக்காகச் செய்த எளிய கலம் என்று உருகினார். எழுத்தறியான், புகழ் நாடான், அதனாலேயே அழகு பிறந்தது என்பது அவர் கொள்கை. கைவினைக்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது. இந்தக் கொள்கையை மட்டும் நாம் ஏற்பதற்கில்லை. வறுமையும் அறியாமையும் அழகைப் பெற்றெடுக்கும் என்றால், அவற்றை ஒழிக்கப் புறப்பட்ட நாம் அழகின் பகைவர்களா? பெயர் வேண்டாம் என்று அந்தக் குயவன் சொன்னானா? அவனைக் கேட்டவர்தாம் யார்?