கேட்டவனும் அவன், எழுதியவனும் அவன்

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தைத் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் ஒரு சித்திரைத் திருவாதிரையன்று விரித்துரைக்கத் தொடங்கினார். அடுத்த சித்திரைத் திருவாதிரையில்தான் அது நிறைவெய்தியது. திருவரங்கத்தில் மணவாள மாமுனிகள் நம்பெருமாள் திருமுன்பு திருவாய்மொழியின் ஈட்டுரையைச் சொன்னதும் ஓராண்டு. ஓர் அருள்நூலைக் கேட்க ஓர் ஆண்டு வேண்டும் என்று நம் பெரியவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள்.

இந்த ஆண்டு நான் பல புத்தகங்கள் படித்தேன். நாவல்கள் உண்டு, வரலாறு உண்டு, பயண நூல்கள் உண்டு. படித்தேன், மகிழ்ந்தேன், அலமாரியில் வைத்தேன். பெரியபுராணம், ஈடு, திருவாசகம் இம்மூன்றை மட்டும் வைக்க முடியவில்லை. அவை என்னை எடுத்துக்கொண்டன.

பெரியபுராணத்தைச் சிவக்கவிமணி சி.கே. சுப்பிரமணிய முதலியார் உரையோடு படித்தேன். கோயம்புத்தூரில் வழக்கறிஞராக இருந்த அந்த அடியார் எழுதிய உரை ஏழு தொகுதிகள். விளக்கு வைக்கும் நேரத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பது வழக்கமாயிற்று. கண்ணால் படித்தபோது கதையாக இருந்தது, வாயால் படித்தபோது காட்சியாயிற்று!

கண்ணப்பரை யாருக்குத்தான் தெரியாது? குழந்தைப் பருவத்திலிருந்து கேட்ட கதைதானே என்றுதான் நானும் தொடங்கினேன். ஆனால் கண்ணப்பர் ஆகுமுன் திண்ணனாராக இருந்தவரைச் சேக்கிழார் காட்டுவதுபோல் அதுவரை நான் கண்டதில்லை. காளத்தி மலையில் பெருமானைக் கண்டதும் அந்த வேடர்க்கு எழும் முதல் கவலை என்ன தெரியுமா? இந்தக் காட்டில் இவர் தனியாக இருக்கிறாரே, துணைக்கு ஒருவரும் இல்லையே, பசிக்குமே! வரம் கேட்கத் தோன்றவில்லை, வணங்கும் முறையும் தெரியவில்லை. இறைச்சி கொண்டுவரப் போக வேண்டும், விட்டுப் போகவும் முடியவில்லை. போகிறார், திரும்பி ஓடிவருகிறார், கட்டிக்கொள்கிறார், மறுபடி போகிறார். வாயில் நீர், தலையில் பூ, பல்லால் சுவை பார்த்த ஊன். ஆறே நாளில், பெருமான் கண்ணில் குருதி வழியக் கண்டு, தம் வலக்கண்ணைப் பெயர்த்து அப்பிவிட்டு, இடக்கண்ணுக்கும் அம்பை எடுத்துவிட்டார். இடக்கண்ணையும் எடுத்தபின் இடம் தெரிய வேண்டுமே என்று திருக்கண்ணில் காலை ஊன்றிக்கொள்கிறார். அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அன்றைக்கு அதற்கு மேல் படிக்கவில்லை. ஐயனே, நீ கை நீட்டித் தடுத்தது அவர் கையை மட்டும்தானா?

பூசலார் வேறு வகை. திருநின்றவூரில் கையில் காசில்லாத ஓர் அடியார், மனத்துக்குள்ளேயே நாள் பார்த்து அடித்தளம் இட்டு, விமானம் எழுப்பி, குளம் தொட்டு, மதில் சுற்றிக் கோயில் கட்டுகிறார். காஞ்சியில் கல்லால் கோயில் எடுத்த காடவர் கோமானும் அதே நாளில் குடமுழுக்குக் குறிக்க, அவன் கனவில் பெருமான் தோன்றி, அன்றைக்குப் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் பார் என்கிறான்! மன்னன் திருநின்றவூருக்கு வந்து அந்தக் கோயில் எங்கே என்று கேட்கிறான். ஊராருக்குத் தெரியவில்லை. படிக்கிறவனுக்கு இதைவிட ஆறுதல் வேறு ஏது? நாமும் பக்கம் பக்கமாக உள்ளே ஏதோ கட்டிக்கொண்டிருக்கிறோம், வெளியில் யாருக்கும் தெரியாது. குடிபுக வருகிறவனுக்குத் தெரியும்.

அடுத்து ஈடு. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன பொருளை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதி வைத்த உரை. முப்பத்தாறாயிரப்படி என்று அதன் அளவாலேயே பெயர். வடசொல் கலந்த அதன் மணிப்பிரவாள நடை பழகாத என்போன்றவர்களுக்குப் பு.ரா. புருஷோத்தம நாயுடுவின் ‘ஈட்டின் தமிழாக்கம்’ இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பத்துத் தொகுதிகள். பத்தையும் கண்டு மலைத்துவிட வேண்டாம். முதற்பத்தின் மூன்றாம் திருவாய்மொழிக்கு வந்தால் போதும். வெண்ணெய் களவு கண்டு உரலோடு கட்டுண்ட கண்ணனை நினைத்த மாத்திரத்தில் ஆழ்வார் ஆறு மாதம் மோகித்துக் கிடந்தார் என்கிறார்கள் ஆசாரியர்கள். மேலே பாட முடியவில்லை! உலகளந்தவன் ஒரு தாம்புக்குக் கட்டுப்பட்டு விம்மி நின்றானே என்ற எளிமையில் விழுந்தவர் எழ ஆறு மாதம். நாமோ அந்தப் பாசுரத்தை அரை நிமிடத்தில் கடந்துவிடுகிறோம். ஈடு நம்மைக் கடக்க விடுவதில்லை. இந்தச் சொல் ஏன் இங்கே வந்தது, ஆழ்வார் முகம் இப்போது எப்படி இருந்தது என்று கேட்டுக் கேட்டு அங்கேயே உட்கார வைக்கிறது.

ஆழ்வார் தாமே மகளாகிறார், அவளைத் தேடும் தாயும் தாமே ஆகிறார். பெண் தனியே திருக்கோளூருக்குப் போயிருப்பாள் என்று தாய் புலம்பும் பதிகத்தைப் படித்தபோது, போனவளுக்காக அழுவதா, போகாமல் இருக்கும் எனக்காக அழுவதா என்று தெரியவில்லை.

இந்த உரையைத்தான் திருவரங்கத்தில் உற்சவங்களையும் நிறுத்திவைத்து ஓராண்டு கேட்டான் அரங்கன். ஆனித் திருமூலத்தன்று சாற்றுமுறை. அப்போது அவனே சிறு பிள்ளையாக ஓடிவந்து மாமுனிகளைத் தன் ஆசாரியராகப் போற்றித் தனியன் என்ற துதிப்பாடலைச் சமர்ப்பித்தான் என்பது வைணவர்கள் நெஞ்சில் வைத்திருக்கும் வரலாறு. பாடப்பட்டவன் பாடம் கேட்க உட்கார்ந்தான்! என்ன ஆசை அவனுக்கு!

திருவாசகத்தை முற்றோதலில் படித்தேன். ஐம்பத்தொரு பகுதிகளையும் அடியார்கள் கூடி ஒரே நாளில் ஓதுவது முற்றோதல். காலையில் கணீரென்று எழும் குரல்கள் பிற்பகலில் கம்மிப்போகின்றன. யார் குரல் யாருடையது என்று பிரிக்க முடியாத ஒரு நிலை வருகிறது. பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் நனைய, ஒரு சொல் தவறாமல் ஓதினார். அவர் மடியில் புத்தகம் மூடியே இருந்தது.

அதைப் பாடிய மாணிக்கவாசகர், குதிரை வாங்கப் போன பாண்டியன் அமைச்சர், திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார். குதிரை போயிற்று, அமைச்சு போயிற்று, பாட்டு வந்தது. அந்தத் திருப்பெருந்துறையாகிய ஆவுடையார்கோயிலில் ஆவுடை மட்டுமே உண்டு, மேலே லிங்க பாணம் இல்லை. சுடுசோற்றைக் கல்லில் குவித்து அதிலிருந்து எழும் ஆவியைத்தான் நிவேதனம் செய்கிறார்கள். உருவமில்லாதவனுக்கு உருவமில்லாத உணவு! திருவாசகம் அந்த ஆவியைப் போன்றது. கையில் பிடிபடாது, முகத்தில் சுடும். இவ்வளவு உருகியவர், கண்ணப்பர்க்கு நிகரான அன்பு தமக்கு இல்லை என்று திருவாசகத்தின் திருக்கோத்தும்பிப் பகுதியில் ஏங்குகிறார். அந்த வரியில் ஒரு புத்தகத்துக்குள்ளிருந்து மற்றொன்றின் கதவு திறந்தது.

தில்லையில் வேதியராக வந்து, மாணிக்கவாசகர் சொல்லச் சொல்லத் திருவாசகத்தை ஏட்டில் எழுதியவன் ஆடல்வல்லான். சேக்கிழார்க்கு அடி எடுத்துக் கொடுத்தவனும் அவனே. அரங்கத்தில் செவி கொடுத்தவன் பெருமாள். அடி எடுத்துத் தருபவன், எழுதுபவன், கேட்பவன் எல்லாம் தெய்வமே என்றால் படிக்கிறவனுக்கு என்ன வேலை? தில்லை அந்தணர்கள் திருவாசகத்துக்குப் பொருள் கேட்டபோது, அம்பலத்தில் ஆடுபவனைக் காட்டி இவனே பொருள் என்று சொல்லி அவனுள் கலந்தார் மணிவாசகர். படிக்கிறவன் வேலை அதுதான்: சொல்லைப் பிடித்துக்கொண்டு சொல்லப்பட்டவனிடம் போய்ச் சேர்வது.

அன்பர்களே, மூன்றையும் சேர்த்து எடுக்க வேண்டாம். ஒன்றை எடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாட்டுப் போதும், ஆனால் வாய்விட்டுப் படியுங்கள். கேட்க ஆளில்லையே என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்!