இலவசப் படகுச் சவாரியும் நம் பொறுப்பும் – ஜும்ஆ உரை

அல்ஹம்துலில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ். அம்மா பஅத்.



பெருநாள் விடுமுறையில் எத்தீம் பிள்ளைகளைப் படகில் ஒரு சுற்று கூட்டிப் போகிறேன், காசு வேண்டாம், ஸதக்காவாக இருக்கட்டும் என்று படகுக்காரர் ஒருவர் முன்வந்தால் நமக்கு மகிழ்ச்சிதான். அல்லாஹ் அந்த நிய்யத்தைக் கபூல் செய்வானாக. ஆனால் காசு வாங்கவில்லை, அதனால் பொறுப்பும் இல்லை என்று மார்க்கம் சொல்லவில்லை.

2023 மே 7 அன்று கேரளாவில் மலப்புறம் மாவட்டம் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் வஃபாத்தானார்கள். அதில் எத்தனை குழந்தைகள்! அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது என்றும் சொல்லப்பட்டது. அது காசு வாங்கிய படகு. ஸதக்காப் படகு என்றால் தண்ணீர் விட்டுவிடுமா?

வைத்தியம் தெரியாதவர் வைத்தியம் பார்த்துச் சேதம் வந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. கூலி வாங்கினாரா இல்லையா என்று அங்கே கேட்கப்படவில்லை. தவறுதலாக நடந்த கொலைக்கும் தியத் உண்டு என்பதை அந்நிஸா சூராவில் ஓதுகிறோம்.

நாட்டுச் சட்டமும் இதையொட்டித்தான் இருக்கிறது. ஆறு, காயல்களில் ஓடும் இயந்திரப் படகுக்குப் பதிவும் தகுதிச் சான்றும் இன்சூரன்ஸும் வேண்டும் என்கிறது 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலன்கள் சட்டம். கடலில் மீன்பிடிக்கப் பதிவான படகு என்றால் இன்னும் கவனம் தேவை. மீன்பிடிப்புக்கு எடுத்த பாலிசியை நம்பிப் பிள்ளைகளை ஏற்றினால், நாளை கம்பெனி கையை விரித்துவிடலாம். "பயணிகளை ஏற்றலாமா, எத்தனை பேர்?" என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சவாரிக்கு டிக்கெட் விற்று மதரஸாவுக்கு நிதி திரட்டினால், அது இலவசச் சவாரி என்ற கணக்கிலேயே வராமல் போகலாம். (குலுக்கல் வைத்துச் சீட்டு விற்பது சூதாட்டம், அந்தப் பேச்சே வேண்டாம்.)

இன்சூரன்ஸ் கூடுமா என்று கேட்பீர்கள். அதில் உலமாக்களிடையே பேச்சு இருக்கிறது. சட்டம் கட்டாயமாக்கியதை நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில் பல உலமாக்கள் அனுமதிக்கிறார்கள்.

"எது நடந்தாலும் நாங்கள் கேட்கமாட்டோம்" என்று பிள்ளையின் வலீயிடம் கையெழுத்து வாங்குகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. எத்தீமின் உரிமையை இனாமாக விட்டுக்கொடுக்க வலீக்கு அதிகாரம் இல்லை. அந்தத் தாளை நம்பிப் படகை அவிழ்க்காதீர்கள்.

லைஃப் ஜாக்கெட் தலைக்கு ஒன்று, பிள்ளைகளின் அளவில். படகு தர விரும்பும் சகோதரர்கள் பதிவுச் சான்றையும் பாலிசியையும் எடுத்துக்கொண்டு தொழுகைக்குப் பிறகு நிர்வாகிகளைப் பாருங்கள்.