எலியின் வேதனையும் நம் கடனும்

வலியென்பது உடலுணர்வும் உள்ளத் துன்பமும் கூடிய அனுபவமெனச் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979-இல் வரையறுத்தது. வாயில்லா எலியின் உள்ளத்தை அளப்பதெங்ஙனம்?

அமிலங்கலந்த உப்புநீரைக் கெண்டைக்கால் தசையில் செலுத்தித் தசைவலியை உண்டாக்குகின்றனர். எலி இயல்பாகவே இருளை நாடும். ஆயினும் இருட்டறையில் நோகுங்காலை மெல்லிழையால் தீண்டுந்தோறும், அது தனக்கொவ்வாத வெளிச்ச அறைக்கு அகன்றுவிடுகிறது. காலை இழுத்துக்கொள்வதை அனிச்சைச் செயலெனலாம். விரும்பிய இடத்தையே துறப்பதை அவ்வாறு ஒதுக்க இயலுமோ?

இங்கேதான் நமக்கொரு தர்மசங்கடம். எலியின் துன்பம் மனிதனுடையதை ஒத்திராவிடில் சோதனையால் பயனில்லை. ஒத்திருப்பின் நாம் இழைக்கும் தீங்கு சிறிதன்று. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் சோதனைகளை அனுமதித்தபோதிலும், அவை பரிவோடு நடத்தப்படவேண்டும் என்கிறது.

பயனைப் பெறும் நாம் கடனையும் ஏற்றாகவேண்டும். சோதனையைக் குறைப்பதும், வேதனையைத் தணிப்பதும், மாற்றுவழி தேடுவதும் அக்கடனின் தவணைகளேயாம்.