மணலோடு மல்லுக்கட்டாத தோட்டம்

திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்தில் மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும் செம்மணல் காட்டுக்குத் தேரி என்று பெயர். இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்த நுண்மணல் அது. ஆனி, ஆடி மேல்காற்றில் இடம் பெயரும். ஆண்டு மழை சுமார் 650 மி.மீ.; பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். விழுந்த மழை தேங்காது, ஓடவும் செய்யாது. நேரே கீழே இறங்கிவிடும். தேரிக்குள் இருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனை ஊறுவது இப்படி இறங்கிய நீரால்தான். ஆகவே தேரியில் நீர் இல்லை என்பது பாதி உண்மை. அது ஆழத்தில் இருக்கிறது.

இந்த மண்ணில் செடிக்குத் தினமும் நீர் ஊற்றுவது கரிசனம் போலத் தெரியும். மேல்மண் ஈரமாகவே இருந்தால் வேர் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஊற்றுகிறவர் ஒரு வாரம் ஊருக்குப் போனால் செடி வாடும். அந்த நீரில் எவ்வளவு செடிக்காக, எவ்வளவு ஊற்றுகிறவரின் மன நிறைவுக்காக என்று கேட்டுப் பார்க்கலாம். இடைவெளி விட்டு, ஆழம் வரை நனையும்படி ஊற்றினால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும்.

பராமரிப்பு குறைந்த தோட்டம் என்றால் வேலையில்லாத தோட்டம் என்று பொருளில்லை. வேலை முழுதும் முதலிலேயே வந்துவிடுகிறது. உலர்ந்த மணலில் குழி தோண்டினால் கரை சரிந்து மூடிக்கொள்ளும். முந்தின நாளே நீர் விட்டு இறுக்கிக்கொள்ள வேண்டும். குழியின் அடியில் தேங்காய்க் கதம்பையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கினால் ஈரம் நாள்பட நிற்கும். மேலே மணலோடு குளத்துக் கரம்பையும் மக்கிய சாணமும் கலந்து நிரப்ப வேண்டும். நட்ட பின் தூரைச் சுற்றிக் கொளுஞ்சியையோ சருகையோ கனமாகப் பரப்பினால் வெயில் மண்ணைத் தொடாது.

காற்றைத் தடுக்கச் சுவர் உதவாது. சுவரில் மோதும் காற்று மேலே எழும்பிச் சுழன்று இறங்கி மண்ணைப் பறிக்கும். இடைவெளி விட்டுக் கட்டிய பனையோலை வேலி காற்றை வடிகட்டி அதன் வேகத்தைக் குறைக்கும்; மணலும் அதன் அடியிலேயே படியும்.

எதை நடுவது என்பதற்குத் தேரியே விடை வைத்திருக்கிறது: பனை, முந்திரி, முருங்கை, குடைவேல். பனங்கொட்டை மண்ணுக்கு மேலே ஓலை காட்டும் முன் கீழே கிழங்கை இறக்கிவிடும். அது அலகா (ஆண் பனை), பருவமா (பெண் பனை) என்பது பாளை விடும்போதுதான் தெரியும். அதற்குப் பத்து, பதினைந்து ஆண்டுகளும் ஆகலாம். அவசரக்காரர் முருங்கைப் போத்தை ஊன்றலாம், ஒட்டு முந்திரியை நடலாம். புல்தரையை மட்டும் மறந்துவிட வேண்டும். வேறு மண்ணின் ஆசை அது.

மரங்கள் வேர் பிடித்த பிறகு மிஞ்சுவது முருங்கையைக் காய்ப்பு ஓய்ந்ததும் கவாத்து செய்வதும், ஆனி பிறக்கும் முன் வேலியில் இற்றுப்போன ஓலையை மாற்றுவதும்தான்.