கிணற்றில் போட்ட கல்

கதைக்காகப் பாழடைந்த கோட்டையோ சுரங்க நகரமோ கட்டுகிறவர்கள், பள்ளம் எத்தனை ஆயிரம் அடி என்று எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். வெறும் எண்ணுக்கு யாரும் பயப்படுவதில்லை.

1954-இல் வெளிவந்த டோல்கினின் ‘தி ஃபெலோஷிப் ஆஃப் தி ரிங்’ நாவலில் மோரியா சுரங்கம் வருகிறது. அங்கே பழைய காவலறை ஒன்றில் மூடி உடைந்த கிணறு. அவ்வழியே போகும் பயணக் குழுவில் ஒருவனான பிப்பின், கை சும்மா இராமல் ஒரு கல்லை உள்ளே போடுகிறான். சத்தமே வரவில்லை. இதயம் பலமுறை துடித்த பிறகுதான் எங்கோ அடியில் தண்ணீர்ச் சத்தம். இன்னும் சற்றுப் பொறுத்து, கீழேயிருந்து சுத்தியல் தட்டுவதுபோல் ஓர் ஓசை. அந்தக் காத்திருப்பில் ஆழத்தை அளப்பது வாசகனேதான். எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கும் இடம் அது.

அங்குள்ள பாலம் 50 அடி நீளம், கைப்பிடி கிடையாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் கடக்க முடியும். படை புகுந்தால் தடுப்பதற்கென்றே, அந்தச் சுரங்கத்தில் வாழ்ந்த குள்ளர்கள் அப்படிக் கட்டினார்கள். ஆபத்துக்குக் காரணம் இருப்பதால் இடிபாட்டை நம்புகிறோம்.

ஜோர்டன் மெக்னரின் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ (1989) கணினி விளையாட்டிலும், ஆபத்தைக் காரணத்தோடு காட்டும் இந்த நேர்மை உண்டு. ஒரு தள உயரத்திலிருந்து விழுந்தால் ஒன்றுமில்லை. இரண்டு என்றால் உயிரில் ஒரு பங்கு போகும். மூன்று என்றால் மரணம். பக்கத்தில் குதித்தாலே தளர்ந்த கற்பலகை ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே, விழுந்தவனுக்கு விளையாட்டின்மேல் கோபம் வருவதில்லை, மறுபடி ஏறுகிறான்.