தெரிந்தே தோற்கலாமா?

சென்ற ஞாயிறு பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கையில் நம் பங்கு வாலிபன் ஒருவன் கேட்டான்: "சாமி, கடைசி இடம் என்று முடிவான பிறகு ஓர் அணி எதற்காக மெய்வருந்தி ஆடவேண்டும்?" அவன் மனத்தில் இருந்தது 2025ஆம் ஆண்டின் சென்னை சூப்பர் கிங்ஸ். ஐந்துமுறை கோப்பை வென்ற அந்த அணி அவ்வாண்டு 14 ஆட்டங்களில் 10ஐத் தோற்று, முதல் தடவையாகக் கடைசி இடத்துக்கு இறங்கிற்று. சொந்த மண்ணான சேப்பாக்கத்திலேயே தொடர்ந்து ஐந்து தோல்வி!

அன்பான வாசகரே, இதை விளையாட்டுக் கேள்வியென்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்கக் கூடைப்பந்தில், பின்தங்கிய அணிகளுக்கே புதிய ஆட்டக்காரரில் சிறந்தவரை முதலில் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். எளியவருக்கு இரங்கிச் செய்த ஏற்பாடு அது. அதை நம்பி, பிலடெல்பியா அணியின் நிர்வாகம் பின்னால் பலம் பெறுவதற்காகச் சில ஆண்டுகள் தோற்கச் சம்மதித்தது. 2015-16இல் 82 ஆட்டங்களில் 72 தோல்வி. ஆட்டக்காரரை நான் குறை சொல்லேன். அவர்கள், பாவம், வியர்வை சிந்தியே தோற்றார்கள். ஆனால் சீட்டு வாங்கியவன் அன்றைய ஆட்டத்துக்கல்லவா காசு கொடுத்தான்? நாளைய நன்மைக்காக இன்று தீமை செய்யலாகாது என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம்.

சென்னையும் சிறுவர்களை இறக்கியதே என்பீர்கள். மெய்தான். வாய்ப்பெல்லாம் போனபின், மே 3ஆம் தேதி, 17 வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூருக்கு எதிராக 94 ஓட்டம் எடுத்தார். அணி இரண்டே ஓட்டத்தில் தோற்றது. வெளிச்செயல் இரண்டிலும் ஒன்றுபோலத் தோன்றும். கருத்து வேறு. வெல்வதற்குச் சிறுவனை அனுப்புகிறவனும், தோற்றாலும் ஆதாயமே என்று அனுப்புகிறவனும் மனச்சாட்சியின் முன் ஒருவராகார்.

மதுரைக்காரராகிய நமக்கு இதில் சொந்தக் கதையும் உண்டு. 1606இல் தத்துவபோதக சுவாமி இவ்வூர் வந்தபோது, கொன்சாலோ பெர்னாண்டஸ் சுவாமி பத்தாண்டுக்கு மேலாக இங்கே உழைத்திருந்தார். நகரத்தாரில் ஒருவரையும் அவரால் மனந்திருப்பக் கூடவில்லை. ஆயினும் கடற்கரையிலிருந்து வந்த கிறிஸ்தவர்களுக்குப் பூசை வைத்தார், பள்ளி நடத்தினார். பின்னால் வேறொருவர் வருவார் என்ற கணக்கு அவரிடம் இல்லை.

இதைச் சொன்னதும், "அவருக்காவது மோட்சம் உண்டு சாமி, சென்னைக்கு என்ன கிடைத்தது?" என்று மடக்கினான்.

மே 25ஆம் தேதி ஆமதாபாத்தில், கடைசி ஆட்டத்தில், சென்னை குஜராத்தை 83 ஓட்டத்தில் வென்றது. பட்டியலில் ஒரு படியும் ஏறவில்லை. "அந்த ஆட்டத்தைப் பார்த்தாயா, தம்பி?" என்றேன்.

கடைசிப் பந்துவரை பார்த்தானாம்.