உரிமைக்கும் ஒரு விசாரணை

அமெரிக்காவில் வேலை இழந்தவருக்கு மாநில அரசு வாரந்தோறும் வழங்கும் தொகை சட்டப்படி தருமம் அல்ல, காப்பீடு. இதற்கான முதல் சட்டத்தை 1932இல் விஸ்கான்சின் மாநிலம் இயற்றியது. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதை நாடெங்கும் பரவச் செய்தது. பொதுவான வரம்புகளைக் கூட்டாட்சி அரசு வகுக்கிறது. தொகை, காலம், நிபந்தனைகள் ஆகியவற்றை அந்தந்த மாநிலம் முடிவு செய்கிறது. நிதி பெரும்பாலும் நிறுவனங்கள் கட்டும் வரியிலிருந்து வருகிறது. அலாஸ்கா, நியூஜெர்சி, பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும் தொழிலாளரின் ஊதியத்திலும் ஒரு சிறு பங்கு பிடிக்கப்படுகிறது.

ஆயினும், உழைத்தே பிழைத்தவர் பலருக்கு இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. சேமிப்பு கரையட்டும், அதற்குள் வேறு வேலை கிடைத்துவிடும் என்று நாளைத் தள்ளுகிறார்கள். இந்தத் தயக்கத்துக்கு விலை உண்டு. பொதுவாக விண்ணப்பித்த வாரத்திலிருந்துதான் கணக்கு தொடங்கும், கடந்துபோன வாரங்கள் போனவைதான். பல மாநிலங்களில் முதல் வாரம் காத்திருப்பு வாரம். அதற்குப் பணம் கிடையாது.

விண்ணப்பத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை தேவை. முதலாவது, போதுமான அளவு சம்பாதித்திருக்கிறாரா என்பது. வழக்கமாக, முடிந்துபோன ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கின் ஊதியம் பார்க்கப்படும். ஏப்ரலில் விண்ணப்பிப்பவருக்கு முந்தைய ஆண்டு முழுவதும் கணக்கில் வரும், கடைசி மூன்று மாதச் சம்பளம் வராது. இரண்டாவது, வேலை ஏன் போனது என்பது. ஆட்குறைப்பு என்றால் சிக்கலில்லை. தக்க காரணமின்றித் தானே விலகியவருக்கும் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் தொகை மறுக்கப்படலாம். மூன்றாவது கேள்வி வாரந்தோறும் திரும்ப வருவது: வேலை செய்யும் நிலையில் இருக்கிறாரா, தயாராக இருக்கிறாரா, தேடுகிறாரா? எந்த நாளில் எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார் என்ற குறிப்பைக் கையில் வைத்திருப்பது நல்லது.

கிடைக்கும் தொகை பழைய சம்பளத்துக்கு ஈடாகாது. வாரத்துக்கு அதிகபட்சம் கலிஃபோர்னியாவில் 450 டாலர், ஃபுளோரிடாவில் 275 டாலர். பல மாநிலங்கள் 26 வாரம் வரை தருகின்றன. வேலையின்மை குறைவாக உள்ள காலத்தில் ஃபுளோரிடா தருவது 12 வாரம்தான். இதற்கும் கூட்டாட்சி வருமான வரி உண்டு.

பழைய நிறுவனம் ஆட்சேபித்தால் பலருடைய மனம் உடைந்துபோகிறது. அதன் பின்னால் தனிப்பட்ட பகை இருக்க வேண்டியதில்லை. நீக்கப்பட்டவர்கள் பெறும் தொகை கூடக்கூட நிறுவனத்தின் வரிவிகிதமும் கூடும். ஆட்களை எளிதில் வெளியேற்றாதிருக்கத் தூண்டும் ஏற்பாடு இது. அதுவே கோரிக்கையை எதிர்க்கவும் ஒரு காரணமாகிவிடுகிறது. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம். விசாரணை பெரும்பாலும் தொலைபேசியிலேயே நடக்கும். தீர்ப்பு வரும்வரை, அந்த மூன்றாவது கேள்விக்கு வாரந்தோறும் பதில் தரும் சான்றளிப்பை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், வழக்கில் வென்றாலும் அந்த வாரங்களின் பணம் கைக்கு வராமல் போகலாம். தகுதி உண்டு என்று முதலில் முடிவான பின் நிறுவனம் மேல்முறையீடு செய்தது என்பதற்காகவே தொகையை நிறுத்திவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1971இல் கலிஃபோர்னிய வழக்கொன்றில் தீர்ப்பளித்தது.

காப்பீடு என்ற வாதம் எல்லோருக்கும் ஒரேபோல் பொருந்துவதில்லை. எச்1பி விசாவில் பணிபுரியும் தமிழர்கள் உள்ளிட்டோருக்காகவும் நிறுவனங்கள் பொதுவாக இந்த வரியைக் கட்டுகின்றன. ஆனால் வேலை போனதும், எந்த வேலையையும் உடனே ஏற்கும் உரிமை இல்லை என்ற காரணத்தால் அவர்களுக்குத் தொகை பெரும்பாலும் கிடைப்பதில்லை. நாட்டில் தங்கியிருக்க அறுபது நாள் வரை தரப்படும் அவகாசத்துக்குள் அவர்கள் வேறு வழி தேட வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்குள் இரு மனப்பான்மைகள் அருகருகே இருக்கின்றன. சட்டம் உரிமை என்கிறது, படிவம் சந்தேகத்தோடு கேட்கிறது. வேலை ஏன் போனது என்ற கேள்வி, இழந்தவரின் காதில் குற்றச்சாட்டாகவே விழுகிறது. உண்மையில் அது வரிக்கணக்குக்கும் தகுதிக்கும் உரிய கேள்வி, மனிதரின் மதிப்பை அளப்பதற்கானது அல்ல. அந்த வேறுபாட்டை உணர்ந்தவர் உரிய வாரத்தில் விண்ணப்பித்து, கேட்டதற்கு உண்மையாகவும் சுருக்கமாகவும் பதில் சொல்லி, மறுப்பு வந்தால் கெடுவுக்குள் மேல்முறையீடு செய்கிறார். உணராதவர் தன்னைத் தானே தண்டித்துக்கொண்டு, தனக்கெனக் கட்டப்பட்ட வரியின் பயனையும் விட்டுவிடுகிறார்.